வாடகை வீட்டைப் புதுப்பிக்கும்போது: எழுத்து, அளவு, அனுமதி



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு முன்பெல்லாம் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி கேட்டுத்தான் மனுக்கள் வரும். சில ஆண்டுகளாக வேறொரு வகை மனுவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மேஸ்திரி பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று ஒருவர் வருகிறார். நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று இன்னொருவர் வருகிறார். கட்டி முடித்தும் வீட்டுக்காரர் ஆறு மாதமாகப் பணம் தரவில்லை என்று வரும் கான்ட்ராக்டரும் உண்டு. அவரும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் சவூதியிலோ துபாயிலோ உழைத்துத் திரும்பியவருக்குப் பென்ஷன் கிடையாது. வட்டிக்குப் போடக் கூடாது என்பதால் சேமிப்பை வங்கியில் வைப்பதும் இல்லை. பழைய வீட்டைச் சரிசெய்து, மேலே இரண்டு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விடுகிறோம். அந்த வாடகைதான் முதுமைக்கும் விதவைகளுக்கும் சோறு போடுகிறது. ஆகவே இந்த வேலை பாதியில் நிற்பதைச் சொத்துத் தகராறு என்று மட்டும் பார்க்க முடியாது. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் நிற்கிறது.

எங்களிடம் வந்தவற்றைப் பார்த்தவரையில், ஆளை நம்பியதால் வந்த சண்டை குறைவு. வேலைக்கு முன்னால் பணம் ஓடியதும், அனுமதிக்கு முன்னால் வேலை ஓடியதும்தான் பெரும்பாலான சண்டைகளுக்கு வேர். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

எழுதிக்கொள்ளும் வசனம்

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கும்போது எழுதிக்கொள்ளும்படியும், எழுதுபவர் நீதமாக எழுதும்படியும், சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படியும் அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் எழுதச் சோம்பல்படக் கூடாது என்றும் வருகிறது.

அந்த வசனத்தில் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கொடுத்தவர் அல்ல, கடன்பட்டவர். தன் மீதுள்ள பொறுப்பை அவரே தன் வாயால் சொல்ல வேண்டும், அதில் எதையும் குறைக்கக் கூடாது. வீட்டு வேலையில் அட்வான்ஸ் வாங்கிய அந்த நிமிடத்திலிருந்து கான்ட்ராக்டர் நமக்கு வேலையைக் கடன்பட்டவர் ஆகிறார். ஆகவே ஒப்பந்தத்தை நாம் மட்டும் எழுதி நீட்டிக் கையெழுத்து வாங்குவதைவிட, என்னென்ன செய்து தருகிறீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல எழுதுவது நல்லது. இப்படிச் செய்யும்போதே பாதிக் குழப்பம் வெளியே வந்துவிடும். "தரைக்கு டைல்ஸ்" என்பார். "எந்த அளவு, சதுர அடி என்ன விலையில்?" என்று கேட்டால் யோசிப்பார். அந்த யோசனை வேலை தொடங்குமுன் நடப்பது நமக்கு நல்லது.

எடுத்துச் சொல்ல இயலாத நிலையில் இருப்பவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதமாகச் சொல்ல வேண்டும் என்பதும், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது என்பதும் அதே வசனத்தில் உண்டு. இரண்டாவதை நம் ஊர் நன்றாகப் படிக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை ஆயுள் முழுக்க இழுத்தடிப்பதால்தான் இன்று கையெழுத்துப் போட ஆள் கிடைப்பதில்லை.

"நமக்குள் என்ன எழுத்து" என்பவர்கள் அடுத்த வசனமான 283ஐக் காட்டுவதுண்டு. ஒருவரை ஒருவர் நம்பினால் நம்பப்பட்டவர் அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்று அதில் வருவது உண்மைதான். ஆனால் அந்த வசனம் தொடங்குவது பிரயாணத்தில் எழுதுபவர் கிடைக்காத நிலையைச் சொல்லித்தான். நம் தெருவிலேயே இரண்டு ஜெராக்ஸ் கடை இருக்கும்போது அந்தச் சலுகையைத் தேடிப் போவானேன்.

கூலிக்கா, பொருளோடா

வேலையை இரண்டு விதமாகப் பேசுகிறோம். கூலி மட்டும் பேசி, சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் நாமே வாங்கிப் போடுவது ஒன்று. பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று விடுவது மற்றொன்று. ஃபிக்ஹில் முதலாவது இஜாரா, அதாவது உழைப்பைக் கூலிக்கு அமர்த்துவது. இரண்டாவது, ஹனஃபி மத்ஹபின்படி, இஸ்திஸ்னா. செய்து தரச் சொல்லி வாங்குவது. இஸ்திஸ்னாவில் செய்யப்படும் பொருளின் இனம், தரம், அளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். "நல்ல தரத்தில் கட்டித் தருகிறேன்" என்பது தெளிவு ஆகாது. சிமெண்ட் எந்த வகை, கம்பி எந்த கம்பெனி, கதவு என்ன மரம், ஒயர் என்ன கனம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பத்தார் இதில் உள்ள வேறுபாட்டைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். கூலியைத் தனியாகவும் பொருளைத் தனியாகவும் பேசிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: குறித்த நாளில் முடிக்காவிட்டால் வாரத்துக்கு இவ்வளவு பிடித்தம் என்று நிபந்தனை போடுவது வட்டியாகுமா? 1992ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் ஏழாவது அமர்வு, இஸ்திஸ்னா ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட அத்தகைய நிபந்தனை செல்லும் என்றது. தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்பட்ட தாமதத்துக்கு அது பொருந்தாது. மழையும் வெள்ளமும் மேஸ்திரியின் குற்றம் அல்லவே. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நாம் தர வேண்டிய பணம் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு கூடுதல் என்று அவர் எழுதினால், அது கடனின் மேல் ஏறும் தொகை, வட்டியாகிவிடும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. நாட்டுச் சட்டத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. அதை மேல்வரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும். எனவே மிரட்டுவதற்காகப் பெரிய தொகை எழுதுவதில் பயனில்லை. நின்றுபோகும் வாடகை எவ்வளவோ அதை ஒட்டி எழுதினால் போதும்.

ஒரு சகோதரியின் மாடி

எங்கள் அலுவலகம் தலையிட்ட ஒரு விஷயத்தை, ஆள் அடையாளம் இல்லாமல் சொல்கிறோம். கணவர் ரியாதில் வஃபாத்தானார். கம்பெனியிலிருந்து வந்த தொகையும் சொந்தக்காரர்கள் சேர்த்துத் தந்ததும் கையில் இருந்தன. இத்தா முடிந்த மறுமாதமே, பழைய வீட்டின் மேல் 700 சதுர அடியில் இரண்டு போர்ஷன் எழுப்ப, சதுர அடி 2,200 ரூபாய் என்று மேஸ்திரி ஒருவரிடம் பேசினார்கள். மொத்தம் 15 லட்சத்து 40 ஆயிரம். பேச்சு வாய்வழியாகத்தான். "நான் பாயோட சின்ன வயசுக் கூட்டாளிம்மா, நமக்குள்ள எதுக்குப் பேப்பரு?" என்று மேஸ்திரி சொன்னதும் அந்தச் சகோதரிக்கு மறுத்துப் பேச வரவில்லை.

நான்கு தவணையில் 11 லட்சம் போய்விட்டது. பிளான் அப்ரூவலுக்கு என்று தனியே 35,000. பில்லர் நின்றது, சுவர் லிண்டல் மட்டம் வரை வந்தது, பிறகு வேலை நின்றது. கேட்டபோது மேஸ்திரி புதுக் கணக்கு ஒன்று சொன்னார். மாடிப்படியின் தலையறை 80 சதுர அடி, சன்ஷேடு 62 சதுர அடி, இவற்றையும் சேர்த்தால் 842 சதுர அடி ஆகிறது, ஆகவே மொத்தம் 18 லட்சத்து 52 ஆயிரத்து 400 என்றார். மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, வேலையை நிறுத்தும்படி நகராட்சி நோட்டீஸ் வந்தது. அப்ரூவல் என்று அந்தச் சகோதரி பத்திரப்படுத்தியிருந்தது ஒரு வரைபடம் மட்டுமே. அதில் அனுமதி எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. விண்ணப்பமே போடப்படவில்லை.

மேஸ்திரியைத் திருடர் என்று உறவினர்கள் சிலர் பேசினார்கள். நாங்கள் முதலில் அதற்குள் போகவில்லை. இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை அழைத்து, நடந்திருக்கும் வேலையை மட்டும் அளந்து மதிப்பிடச் சொன்னோம். 6 லட்சத்து 90 ஆயிரம் என்று எழுதித் தந்தார். அப்படியானால் 4 லட்சத்து 10 ஆயிரம் அதிகம் போயிருக்கிறது. அதில் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கம்பியும் நிலைக்கதவும் வாங்கிக் கடையிலேயே வைத்திருப்பதற்கு மேஸ்திரி பில் காட்டினார், சரியாக இருந்தது. மீதி 2 லட்சத்து 70 ஆயிரம் இன்னொரு வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டதை அவரே ஒத்துக்கொண்டார். ஒரு வேலையின் பணத்தில் இன்னொரு வேலையை ஓட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணமாகிவிட்டது. திருட்டு என்று அவர்கள் நினைப்பதில்லை. அமானிதத்தில் கை வைப்பது என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடுவில் கொத்தனார், சித்தாள் கூலி 58,000 ரூபாய் நின்றிருந்தது. முதலில் அதைத் தீர்த்த பிறகே மற்றதைப் பேசுவது என்று முடிவு செய்தோம். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. சித்தாள் வேலைக்கு வந்த பெண்களுக்குச் சதுர அடித் தகராறு என்ன தெரியும்? அறக்கட்டளையின் கர்ளன் ஹஸனா நிதியிலிருந்து மேஸ்திரியின் பெயரில் கொடுத்து, கையெழுத்து வாங்கினோம்.

2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு ஈடாக மேஸ்திரி கூலி வாங்காமல் கான்கிரீட், பூச்சு வேலைகளைச் செய்து தருவதாகவும், 35,000ஐத் திருப்பித் தருவதாகவும் எழுதிக் கொடுத்தார். நகராட்சியில் முறையாக விண்ணப்பித்து, பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்த பக்கம் சுவரை உள்ளே தள்ளியதில் ஓர் அறை சிறுத்துப்போனது. வேலை நின்றிருந்தது ஏழு மாதம். இரண்டு போர்ஷனுக்கும் எதிர்பார்த்த வாடகை மாதம் 13,000. அந்த 91,000 ரூபாய் இழப்பை யாரும் ஈடு செய்யவில்லை.

சதுர அடி என்பது எது?

மேலே சொன்ன 842 சதுர அடிக் கணக்கு எல்லா ஊரிலும் நடப்பது. எனவே விலையைப் பேசுமுன் அளவைப் பேசுங்கள். சன்ஷேடு, பால்கனி, தலையறை, போர்டிகோ, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் ஒவ்வொன்றும் கணக்கில் உண்டா, இல்லையா, பாதி அளவா என்று எழுதுங்கள். பழைய வீட்டைப் புதுப்பிப்பதில் இடிக்கும் கூலி, இடிபாடு அள்ளும் செலவு, பழைய மரமும் கம்பியும் யாருக்கு என்பதும் சேரும். பர்மா தேக்குக் கதவை மேஸ்திரி தூக்கிக்கொண்டு போன கதை நம் ஊரில் ஒன்றிரண்டு அல்ல. ஜி.எஸ்.டி. விலையோடு சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுதுங்கள். பொருளோடு கூடிய ஒப்பந்தத்துக்கு அது 18 சதவீதம். கடைசியில் சொன்னால் வீடே அதிரும்.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையின் கணக்கில் கொடுங்கள். மேல் தளம் எழுப்ப ஓர் உதாரணம்: முன்பணம் 10 சதவீதம், பில்லரும் லிண்டலும் முடிந்ததும் 20, கூரைக் கான்கிரீட் முடிந்ததும் 25, பூச்சு முடிந்ததும் 20, தரை, குழாய், மின்சாரம், பெயிண்ட் முடிந்ததும் 15, சாவி வாங்கும்போது 5, மீதி 5 சதவீதம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த பிறகு. கூரை ஒழுகுகிறதா என்பதை மழைதான் சொல்லும். வேலையின் தன்மைக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளலாம். எந்த நேரத்திலும் பணம் வேலையை முந்தாமல் இருந்தால் சரி. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நமக்கும் ரசீது இல்லாத ரொக்கத்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

பொருளை நாமே வாங்கிப் போடுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ. கடையின் எடைச் சீட்டையும் இறங்கிய கம்பியின் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்க்கப் பொறியாளர் வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் போதும்.

ஒப்பந்தத்தில் இல்லாத எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும், செய்யுமுன் தொகையை வாட்ஸ்அப்பிலாவது எழுதி "சரி" என்று பதில் வாங்குங்கள். அப்படிப்பட்ட மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதனால் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அனுமதி

வெள்ளையடிப்பது, பூச்சு பூசுவது, தரையை மாற்றுவது போன்ற பழுதுபார்ப்புக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. மேல் தளம் எழுப்புவது, அறை கூட்டுவது, தாங்கும் சுவரை எடுப்பது, வீட்டின் முன்பகுதியில் ஷட்டர் போட்டுக் கடையாக்குவது ஆகியவை வேறு வகை. இவற்றுக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும். "உள்ளே தானே மாத்துறோம், யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லும் மேஸ்திரி, நோட்டீஸ் வரும் நாளில் அந்தத் தெருப் பக்கம் வர மாட்டார். நோட்டீஸ் சொத்தின் உரிமையாளர் பேருக்குத்தான் வரும்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளத்தோடு முதல் தளமும் உள்ள குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. இதைக் கேட்டதும் எல்லாம் சுலபம் என்று எண்ண வேண்டாம். சுயசான்று என்றால் சொல்வது உண்மை என்ற பொறுப்பு முழுவதும் நம்முடையது. தவறான விவரம் தந்தால் அனுமதி ரத்தாகும். பழைய வீட்டின் மேல் எழுப்புபவர்கள் தங்கள் வேலை எந்த முறையில் வரும் என்பதை நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவரும் மெட்ராஸ் டெரஸும் உள்ள வீடாக இருந்தால், அனுமதிக்கும் முன்பே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்துப் பாருங்கள். அந்தக் கூரை இன்னொரு வீட்டைச் சுமக்கப் போட்டது அல்ல.

மனையே அங்கீகாரம் இல்லாததாக இருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். 2017ல் வந்த மனை வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கு உரியது. "கட்டிட்டுப் பிறகு ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குத்தான். இவ்வளவு செலவாகிவிட்டது, இத்தனை வருஷமாக அதிகாரிகள் ஒன்றும் சொல்லவில்லை என்பதெல்லாம் விதிமீறலுக்கு உரிமை தராது என்று 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அனுமதி வாங்கித் தருவதாகத் தொகை கேட்பவர்களிடம் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். அரசுக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத பகுதி லஞ்சம். கொடுப்பவரும் வாங்குபவரும் சபிக்கப்பட்டவர்கள் என்ற ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை.

நோட்டீஸ் எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து. உத்தரக் கட்டையைத் தன் சுவரில் பதிக்கப் பக்கத்து வீட்டுக்காரரைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் உள்ளது. இந்த ஹதீஸைச் சொல்லியே பக்கத்து மனையில் ஓர் அடி எடுத்தவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது விட்டுக்கொடுப்பவருக்குச் சொன்ன உபதேசம். எடுத்துக்கொள்பவருக்குக் கொடுத்த பட்டா அல்ல. வரைபடத்தைப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே காட்டி, அவர்கள் ஜன்னலும் மழைநீரும் என்ன ஆகும் என்று பேசிவிட்டால், பாதி நோட்டீஸ் வராது.

வந்துவிட்டால் வேலையை அன்றே நிறுத்துங்கள். இரவோடு இரவாகக் கான்கிரீட் போடுவது வழக்கைக் கெடுக்கும். நோட்டீஸைப் பெற்றுக்கொண்டு, எந்தச் சட்டப் பிரிவு, என்ன மீறல், எத்தனை நாளில் பதில் என்று பார்த்து, ஆதாரத்தோடு எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, முன் நோட்டீஸ் இல்லாமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது. பதில் தர உள்ளூர்ச் சட்டம் சொல்லும் காலம் அல்லது 15 நாள், இதில் எது அதிகமோ அது தரப்பட வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் கட்டியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 15 நாள் என்பது பதில் சொல்ல உள்ள காலம். வீடு தப்பிவிட்டது என்று பொருள் அல்ல. அந்த நாட்களுக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

தகராறு முற்றிவிட்டால்

மேஸ்திரியின் சென்ட்ரிங் பலகையையும் மிக்ஸரையும் பூட்டி வைப்பதுதான் பலர் செய்யும் முதல் காரியம். செய்யாதீர்கள்; நம் மேல் புகார் போவதற்கு அதுவே காரணமாகிவிடும். இருக்கும் நிலையைப் போட்டோ, வீடியோ எடுத்து, பொறியாளரை வைத்து அளந்து, மேஸ்திரியையும் அந்த அளவுக்கு அழையுங்கள். வராவிட்டால் அழைத்ததற்குச் சான்று இருக்கட்டும். அளக்காமல் வேறு ஆளை வைத்து வேலையைத் தொடர்ந்தால், எது யார் செய்தது என்பது பிறகு அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். நீதிமன்றத்துக்குத் தெரியாது.

ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது நல்லது. ஆனால் ஜமாஅத் நீதிமன்றம் அல்ல; யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பேசி முடிந்ததை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் அதற்கு உயிர். அங்கே முடியாவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வையுங்கள். தொலைபேசி எண் 15100.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். நாம் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாடகை வீடு என்றதும் எதிர்த் தரப்பு "இது வணிக நோக்கம், நுகர்வோர் அல்ல" என்று சொல்லும். மும்பை லீலாவதி கீர்த்திலால் மேத்தா மெடிக்கல் டிரஸ்ட் செவிலியர்கள் தங்குவதற்காக வாங்கிய வீடுகள் தொடர்பான வழக்கில், 2019ல் உச்சநீதிமன்றம், முதன்மையான நோக்கம் எது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது. வணிக நோக்கம் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024ல் சொல்லியிருக்கிறது. ஆகவே எத்தனை வீடு, அதன் வாடகையில் யார் வாழ்கிறார்கள் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். பத்து வீடு கட்டி விற்பவர் இந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.

காவல் நிலையத்துக்குப் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவது சகஜம். போலி அனுமதிச் சீட்டு தந்திருந்தால் அது வேறு. அப்போது போகத்தான் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, இங்கே மனைவியோ மச்சானோ கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கையெழுத்து நகராட்சியிலும் செல்லாது, வழக்கிலும் நிற்காது. இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். "விண்ணப்பம், ஒப்பந்தம், வழக்கு" இவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். வீட்டை விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதி, பிறகு குடும்பமே இரண்டானதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

வீட்டில் ஏற்கெனவே வாடகைதாரர் இருந்தால் அவருடைய ஹக்கும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. வேலையைக் காரணம் காட்டித் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஒருவரைக் காலி செய்ய வைப்பது சட்டத்துக்கும் விரோதம், மார்க்கத்துக்கும் விரோதம். வக்ஃப் வீடுகளில் இருப்பவர்கள் முத்தவல்லியைக் கேட்காமல் ஒரு சுவரையும் தொடக் கூடாது. அதற்கு விதிகள் தனி.

கூலி ஒப்பந்தம், பொருளோடு கூடிய ஒப்பந்தம் இரண்டுக்கும் தமிழில் மாதிரிப் படிவம் தயாரித்து வைத்திருக்கிறோம். இரண்டு பக்கம்தான். வேலை தொடங்குமுன் வருபவர்கள் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லையென்றால் நாங்கள் போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.